மெத்தைக் கோடுகள்

கேக்கின் மேல் தையல் போடலாம் என்று சொன்னால் பலரும் சிரிப்பார்கள். முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தவள்தான். ஆனால், ஐயா, திருமண வீடுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வெள்ளைவெளேரென்ற கேக்கின் பக்கங்களில் சாய்சதுரம் சாய்சதுரமாகக் கோடுகள் ஓடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடந்தோறும் ஒரு வெள்ளி முத்து பதிந்திருக்கும். விரலால் தொட்டால் உள்ளே பஞ்சு அமுங்குமோ என்று தோன்றும். அதனை எங்கள் தொழிலில் மெத்தைக் கோடு என்போம். அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல என்னால் இயலாது. ஆதலால் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். நீங்கள் வரவழைத்த தேநீர் நன்றாக இருந்தது.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் கற்பித்தவள். ஓய்வு பெற்றபின் சும்மா உட்கார்ந்திருக்க மனமின்றி, என் ஓரகத்தியின் கேக் அறைக்குள் நுழைந்தேன். அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. என் கணவர் காலமான பிறகு மாடி எனக்கு, கீழ்த்தளம் அவர்களுக்கு என்று ஆயிற்று. தோட்டத்தைப் பார்த்த பின்னறையில் அவள் கேக் சுட்டு விற்றுவந்தாள். நன்றாகவே சுடுவாள்; அதனை நான் மறுக்கவில்லை. இப்போது இல்லாதவர்களைக் குறைத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை.

ஆனால் அவளுக்குக் கோடு வராது. ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை விரிப்பைச் சப்பாத்திபோல் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்துவாள். பிறகு கையில் அகப்பட்டதைக் கொண்டு கீறுவாள். நான்தான் அளவுகோலைச் சாய்த்து வைத்து அதன் விளிம்பால் அழுத்தும் முறையை அந்த அறைக்குக் கொண்டுவந்தேன். முதல் கோட்டின் சாய்வு பிசகினால் சுற்றி வரும்போது கடைசிக் கோடு முதற்கோட்டோடு சேராது. அதனால் முதல் கோட்டுக்கு மட்டும் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஒரு பக்கச் சாய்வை முடித்து, எதிர்ச்சாய்வையும் முடித்து, துணியில் அடையாளமிடும் பற்சக்கரத்தைப் பள்ளத்தினூடே உருட்டினால் தையல் விழுந்தாற்போல் இருக்கும். இவ்வளவையும் விரிப்பு தோல் கட்டுவதற்குள் செய்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கோட்டின் ஓரம் வெடிக்கும். இடையில் எழுந்து போகக் கூடாத வேலை அது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோடுகளுக்காகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருமுறை ஓர் அம்மாள் கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருங்க இத போட்டது? கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே!" என்றார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என் ஓரகத்தி என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, "நான்தாங்க. எங்கக்கா சும்மா பொழுது போகாம கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க" என்றாள். பெட்டியின் மேல் நாடாவைக் கட்டி அந்த அம்மாளிடம் கொடுத்தேன்.

பிறகு அவள் ஒரு ரப்பர் பாய் வாங்கிவந்தாள். சாய்சதுரங்கள் எல்லாம் அதிலேயே வார்க்கப்பட்டிருக்கும். விரிப்பின் மேல் வைத்து ஒருமுறை அமுக்கி எடுத்தால் போதும்.

"இதப் பாருங்கக்கா, ஒரே அமுக்கு!" என்று என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். "ஸ்கேலும் வேணாம், சக்கரமும் வேணாம், டீச்சரும் வேணாம்."

என் கொழுந்தன் சிரித்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்குச் சொல்றா அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

"என்ன விளையாட்டு? அக்கா ஒரு கோடு போடுறதுக்குள்ள எனக்கு நாலு கேக் முடிஞ்சிடும். நீங்க இனிமே பெட்டி மடிச்சுக் குடுங்கக்கா. உக்காந்த எடத்துலயே வேலை. கண்ணுக்கும் நல்லது."

அந்தப் பாயில் ஒரு குறை உண்டு. அது கேக்கை முழுவதும் சுற்றி வராது; மிச்ச இடத்தில் மறுபடி வைத்து அமுக்க வேண்டும். இரு பதிவும் சேரும் இடத்தில் சாய்சதுரம் பாதியில் அறுந்து, பக்கத்துச் சாய்சதுரத்தின் மேல் ஏறி நிற்கும். அதனைச் சுட்டிக்காட்டினேன். அவள் கேக் வைத்திருந்த சுழல்தட்டை ஒரு தட்டுத் தட்டித் திருப்பினாள். "ஒட்டுப் போட்ட பக்கத்த சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டா யாருக்குத் தெரியப்போவுது? உங்களுக்குத்தான் தூக்கம் வராது."

பிழையைச் சுவரின் பக்கம் திருப்பி வைக்கும் ஒருத்தியோடு நான் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் ஒரு விதி இருந்தது. பிசகிய தையலைப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த தையல் போட வேண்டும். அழுதாலும் சரி, வகுப்பு முடிந்து மணி அடித்தாலும் சரி. அவள் என் மாணவியாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது.

பெட்டி மடித்தேன். குறை சொல்ல முடியாதபடி மடித்தேன்.

பிறகு ஒரு வாடிக்கையாளர் தம் பெற்றோரின் திருமண நாளுக்கு ஈரடுக்குக் கேக் கேட்டார். "பாய் போட்டு அமுக்கினது வேணாங்க. டீச்சரம்மா கையால போட்டதுதான் வேணும்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். என் ஓரகத்தியின் முகம் சிறுத்துவிட்டது. அவர் போனதும் கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். "சரி, போட்டுக் குடுத்துடுங்க. இதோட விட்டுடணும். அடுத்த வாரம் உங்க மேசைய எடுத்துட்டு அந்த எடத்துல ஃப்ரிட்ஜ் வெக்கப்போறோம்" என்றாள்.

ஆகவே அது கடைசிக் கேக். கடைசிக் கேக்கை அரைகுறையாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விரிப்பின் அடியில் வெண்ணெய்க் குழம்பு பூசுவது எங்கள் வழக்கம். அது மெத்தென்று இருப்பதால், அழுத்தும்போது கோடு வழிந்துவிடும். கூர்மையாக நிற்க வேண்டுமானால் அடியில் கெட்டியான ஒரு படுகை வேண்டும். பாதாம் விழுதைவிடச் சிறந்தது அதற்கு இல்லை. இது தொழில் அறிந்த எவரும் சொல்லும் உண்மை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

பாதாம் என் ஓரகத்திக்கு ஆகாது என்பதும் உண்மைதான். நாவில் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். 'பாதாம் உள்ளே வரக் கூடாது' என்று அந்த அறையின் கதவில் ஓர் அட்டை தொங்குகிறதே, அதனை எழுதியவள் நான்தான். கையெழுத்து அழகாக இருக்கும் என்று அவளே கேட்டு எழுதி வாங்கினாள். விழுதை எங்கள் தெருக் கடையில் வாங்கவில்லை. கடைக்காரருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும், வீணாகக் கவலைப்படுவார். தோல் நீக்கிய, மிக வெளுத்த விழுதாகப் பார்த்து வாங்கினேன். வனிலாவைச் சற்றுத் தாராளமாகச் சேர்த்தேன். பாதாமின் மணம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

கேக் அவளுக்காகச் செய்யப்பட்டதன்று. இதனை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் விரிப்பைப் போர்த்தியபின் அடியில் தொங்கும் ஓரத்தை வெட்டி எடுப்போம் அல்லவா? அடிப்பூச்சும் ஒட்டியிருக்கும் அந்த ஓரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கேட்டுச் சாப்பிடுவதும் இல்லை, பார்த்துச் சாப்பிடுவதும் இல்லை. 'அது கெட்ட பழக்கம்' என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு கேலிதான் பதில்: "டீச்சர், நான் பரீட்சையில ஃபெயிலா?"

அன்று பிற்பகல் கொழுந்தன் கேக் பெட்டிகளோடு வெளியே போயிருந்தான். நான் ஓரத்தை வெட்டி, வழக்கமான தட்டில், வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு அளவுகோலை எடுத்தேன். அவள் கைபேசியைத் தோளில் இடுக்கி யாரிடமோ பேசிக்கொண்டே வந்தவள், என்றுமில்லாமல் அன்று கேட்டாள்.

"கீழ என்ன பூசினீங்க?"

"வழக்கமா பூசுறதுதான்" என்றேன்.

அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் நான் செய்யாமல் விட்டவை.

அவள் தட்டிலிருந்த ஓரத்தை எடுத்து மென்றாள். "வனிலா கொஞ்சம் தூக்கலா இருக்கே. கை நடுங்குதாக்கா?" என்று சிரித்தாள். என் கை நடுங்கவில்லை. முதல் கோட்டை அப்போதுதான் போட்டிருந்தேன். ஊசிமுனைபோல் கூர்மையாக நின்றது. பாதாம் படுகையின் சிறப்பு அது.

பிறகு அவள் தொண்டையைச் செருமினாள். தொடையில் குத்திக்கொள்ளும் மருந்துப் பேனா ஒன்று அவளுக்கு உண்டு. மஞ்சள் பையில் போட்டுக் கதவருகே ஆணியில் மாட்டியிருப்பாள்.

"அக்கா, பை எங்க?"

"மாவு படிஞ்சு அழுக்கா இருந்துச்சு. தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்."

"உள்ள இருந்த பேனா?"

"மேல, என் தையல் பெட்டியில."

"எடுத்துட்டு வாங்கக்கா. சீக்கிரம்."

"இந்தச் சாய்வ முடிச்சிட்டு வரேன்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் எண்ணினேன். விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. இடையில் எழுந்து போகக் கூடாத வேலை என்று முன்பே சொன்னேன். தோளிலிருந்து கைபேசி நழுவி அடுப்பின் அடியில் போய்விட்டது. என் கையெல்லாம் சர்க்கரைத் தூளாக இருந்ததால் குனிந்து எடுக்கவில்லை. அவள் கதவுப் பக்கம் போகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்தாள். அவள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டதில் கேலி இல்லாதது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். சரியாகக் காதில் விழவில்லை. குரல் மிகவும் தேய்ந்துபோயிருந்தது.

அதன்பின் சாய்வையும் எதிர்ச்சாய்வையும் முடித்தேன். சக்கரம் ஓட்டினேன். முத்துகளைப் பதித்தேன். கை கழுவினேன். மாடிக்குப் போய்ப் பேனாவை எடுத்துவந்தேன். அப்போது அது தேவைப்படவில்லை. பிறகு கொழுந்தனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

வேலையில் மூழ்கியிருந்தேன், அவள் விழுந்ததைக் கவனிக்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை. இன்று காலையில் கேக்கைச் சுற்றிலும் எடுத்த படங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த ஒரு கோட்டுக்குப் பக்கத்துல மட்டும் ஏம்மா லேசா பள்ளமா இருக்கு?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு நல்ல கண். உங்கள் தாயார் தையல் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சொல்கிறேன். விழும்போது அவள் என் மேசையின் காலைப் பிடித்து இழுத்தாள். மேசை அசைந்தது. அளவுகோல் வழுக்கி, கோடு கோணலாக இழுபட்டுவிட்டது. அவள் என் காலருகே கிடந்தாள், கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கோணலை விரல் நுனியால் தடவித் தடவி ஆற்றினேன். விரிப்பு சற்றுத் தோல் கட்டிவிட்டபடியால் பொறுமையாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. முழுவதும் மறைந்தபிறகு அதே இடத்தில் கோட்டை மறுபடி போட்டேன். பிசகைப் பிரிக்காமல் மேலே போவது எனக்கு இயலாத காரியம். அந்த நேரத்தில் மாடிக்குப் போய் வந்திருக்கலாம் என்கிறீர்கள். போய் வந்திருக்கலாம். அவளைக் கொல்லத்தான் ஓரத்தைத் தட்டில் வைத்தாயா என்றும் கேட்டீர்கள். ஆம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன்.

ஆனால் படங்களில் நீங்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தப் பள்ளம் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. திருப்பி வைத்தவள் நான்தான். ஆட்கள் வருவார்கள், முதலில் கேக்கைத்தான் பார்ப்பார்கள், குறை கண்ணில் படக் கூடாது என்று எண்ணினேன்.

வந்தவர்கள் எல்லோரும் தரையைத்தான் பார்த்தார்கள். கேக்கை ஒருவரும் பார்க்கவில்லை.