சேத்து வச்ச காலு

அங்க வேணாம் சார், அந்தக் கல்லு ஆடும். தோ, இந்தக் கட்டில்ல குந்துங்க. ஜமுனாமரத்தூர்லேர்ந்து நடந்தேவா வந்தீங்க? அதான பாத்தேன். மழ பேஞ்சா பஸ்காரன் மேல ஏறவே மாட்டான். பேப்பர அப்பறமா எடுங்க, அது எங்கியும் ஓடிப் பூடாது. கரண்டாபீஸ்லேர்ந்து விசாரிக்க ஆபீசர் வர்றாருன்னு சடையன் காலையிலயே சொல்லிட்டான். சடையன் என் கொழுந்தன், எங்க வூட்டுக்காரருக்குத் தம்பி. மனு எழுதிக் குடுத்தது அவந்தான்.

ஆமா, அதுல என் கைநாட்டும் கீது. மாணிக்கம்மாள்னு எழுதியிருக்கும் பாருங்க, அது நாந்தான். படிச்சிக் காட்டித்தான் வாங்கினான், இல்லன்னு சொல்லமாட்டேன். அறுந்து வுழுந்த கம்பிகிட்ட தவள மாதிரி குதிக்கணும்னு லைன்மேன் ஆரோக்கியதாசு தப்பாச் சொல்லிக் குடுத்தான், அத நம்பிக் குதிச்சி எங்க வூட்டுக்காரரு மாதையன் செத்தாரு, அந்த லைன்மேன வேலைய வுட்டு எடுக்கணும். அவ்ளோதான? இப்ப நானும் வாயால ஆமான்னு சொல்லிட்டா அந்தாளு வேல பூடும். அதான, நெனச்சேன்.

சொல்றேன், இருங்க. ஒரு வருசமா மூடிக்கினு இருந்த வாயி சார் இது. தொறந்தா அதும்பாட்டுக்குத்தான் பேசும்.

எம்பத்தி மூணுல எங்களுக்குக் கரண்டு வந்துச்சி. அப்பத்துலேர்ந்து ஆரோக்கியதாசுதான் லைன்மேனு. சந்தவாசல் ஆளு. ஞாயித்துக்கெழமன்னா கோயிலுக்குப் போவணும்னு மலய வுட்டு எறங்கிடுவாரு. சரியான கஞ்சப்பிசுனாரி, ஒரு வெத்தல வாங்கித் தரமாட்டாரு. ஆனா இடியோ மழையோ, கம்பத்துல ஏறுனா வெளக்கு எரியாம எறங்கமாட்டாரு. அத நான் சொல்லியே ஆவணும்.

அவரு ஒரு நாளு ஊர் ஜனத்தையெல்லாம் மந்தைக்குக் கூப்ட்டாரு. கம்பி அறுந்தா இன்னா பண்ணணும்னு சொல்லித்தரன்னாரு. எல்லாரும் வாங்கன்னுதான் கூப்ட்டாரு சார், அதையும் எழுதிக்கோங்க. எங்க ஊரு பெரியவங்கதான், கம்பத்து வேலயப் பத்திப் பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்குன்னு தொரத்தி வுட்டாங்க. நாங்க புளி கொட்ட எடுக்கப் போய்ட்டோம். வூட்டுக்காரரு திரும்பி வந்தாரு. இன்னா பேசுனாங்கன்னு கேட்டேன். கம்பியப் பத்தின்னாரு. கம்பியப் பத்தி இன்னான்னேன். பசிக்குது, களியப் போடுன்னாரு. அவரு எப்பவுமே அப்பிடித்தான், பத்து வார்த்த கேட்டா ஒண்ணு சொல்லுவாரு. நானும் வுட்டுட்டேன். பாழாப்போனவ, இன்னும் ஒருவாட்டி கேட்டிருக்கலாம்.

போன ஐப்பசி. ராவெல்லாம் மழ பேஞ்சி விடிஞ்சிடுச்சி. சாம வெதச்ச எங்க கொல்லையோரமா போற கம்பி மேல புளியங்கெள முறிஞ்சி வுழுந்து, கம்பி அறுந்து ஈர மண்ணுல கெடந்துச்சி. எங்களுக்கு இன்னா தெரியும்? கெடேரி ஒண்ணு மேஞ்சிக்கினே போய் அந்தப் பக்கம் தொப்புன்னு வுழுந்துச்சி. கால ஒதறிக்குதுன்னு இவரு பாத்துட்டு ஓடுனாரு. நான் கூழு கரைக்கச்சொல்ல ஓடுனவருதான்.

இல்ல சார், கம்பியத் தொடவே இல்ல. பதனஞ்சடி இருபதடி தள்ளித்தான் நின்னாரு. அதான் எனக்கும் புரியல. தொடாத கம்பி எப்பிடிய்யா ஆளக் கொல்லும்? அதனாலதான, தூரத்துலேர்ந்து இவரு குதிச்சத மட்டும் பாத்த சடையன் சொன்னத எல்லாரும் நம்புனாங்க. குதிச்சாரு, செத்தாரு, அப்ப குதிச்சதுதான் கொன்னுச்சின்னு. கருமாதிக்குப் பூமாலையோட வந்த ஆரோக்கியதாச சட்டயக் கிழிச்சித் தொரத்துனாங்க. அந்தாளு மாலைய வேலியில வச்சிட்டுப் போய்ட்டாரு. நான் உள்ளதான் குந்திக்கினு இருந்தேன், பாத்துக்கினேதான் இருந்தேன்.

மாசியில புளி விக்க சந்தவாசல் சந்தைக்குப் போனேன். அவரு வந்தாரு. எங்க மூஞ்சியத் திருப்பிக்குவனோன்னு பயந்து பயந்து வந்தாரு. நாந்தான் கேட்டேன், ஏன்யா, தொடாதவரு எப்பிடிச் செத்தாருன்னு. குந்தி, மண்ணுல குச்சியால ஒரு புள்ளி வச்சாரு. அதச் சுத்தி வட்டம் வட்டமாப் போட்டாரு. இந்தப் புள்ளிதாம்மா கம்பி வுழுந்த எடம், மலையுச்சின்னு நெனச்சிக்கோ. அங்கருந்து மண்ணுக்குள்ள கரண்டு எறங்கிக்கினே போவும், தள்ளித் தள்ளிப் போவ வேகம் கொறஞ்சிக்கினே வரும். நீ எவ்ளோ ஒசரத்துல நிக்கிறங்கறது முக்கியமில்ல. ரெண்டு காலும் ஒரே ஒசரத்துல இருந்தா ஒண்ணும் ஆவாது. ஒரு காலு மேட்டுல, ஒரு காலு பள்ளத்துலன்னு அகட்டி வச்சியோ, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருக்கற வித்தியாசம் உன் ஒடம்பு வழியா எறங்கும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் எவ்ளோ தூரம் பாரு, அதான் அது மொதல்ல செத்துச்சின்னாரு.

நான் மலையில பொறந்தவ சார். மேடு பள்ளம் எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம், சட்டுன்னு ஏறிடுச்சி. கண்ணால பாக்க வெறும் சமமான கொல்லதான், அதுக்குள்ள ஒரு மல இருந்திருக்கு. அந்தச் சரிவுல ரெண்டு காலையும் சேத்து வச்சித் தத்தித் தத்தி எறங்கிட்டா ஆளு பொழச்சிக்குவானாம்.

அப்பறம் ஆரோக்கியதாசு என்னக் கேட்டாரு. ஏம்மா, மாதையன் சேத்து வச்சிக் குதிச்சாருன்னுதான எல்லாரும் சொல்றாங்க? சரியாத்தான குதிச்சாரு? அப்ப எப்பிடிம்மா செத்தாரு, நான் சொல்லிக் குடுத்ததுல எங்கம்மா தப்புன்னு கேட்டாரு. தூக்கமே இல்லையாம். மூஞ்சி கறுத்து, கண்ணு உள்ள போய்டுச்சி. நான் புளிக்கூடயத் தூக்கிக்கினு வந்துட்டேன்.

நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. வரேன் சார், அங்கதான் வரேன்.

எங்க பக்கம் முனி அடிக்கும்னு சொல்லுவாங்க. முனி புடிச்சா காலு ரெண்டும் ஒட்டிக்குமாம், நடக்க வராதாம், தத்துவாங்களாம். அப்ப வூட்டுப் பொம்பள எதுத்தாப்புல நின்னு பேரச் சொல்லி மூணு வாட்டி கூப்புடணும். மூணாவது வாட்டிக்கு அந்தாளு திரும்பிப் பாக்காம ஒரே ஓட்டமா அவகிட்ட ஓடியாரணும். ஓடியாந்துட்டா முனி வுட்டுடும். இங்க பொறந்த எல்லாருக்கும் இது தெரியும், பால் குடிக்கிற வயசுலேர்ந்து கேட்டு வளந்தது.

நான் கூழ எடுத்துக்கினு வரப்பு மேல வரேன். பாத்தா கெடேரி செத்துக் கெடக்குது. இவரு காலு ரெண்டையும் ஒட்ட வச்சிக்கினு, கைய ஒடம்போட இறுக்கிக்கினு, தத்தித் தத்தி என் பக்கமா வர்றாரு. வாயில பேச்சில்ல. மூஞ்சியெல்லாம் வேர்வ. பானையப் போட்டுட்டு எதுத்தாப்புல நின்னேன். அதுவரைக்கும் அவரு பேரச் சொன்னதே இல்ல சார் நான். மாதையான்னு கத்துனேன். தலைய இப்பிடி இப்பிடி ஆட்டுனாரு, வேணாம் வேணாம்னு. முனிதான் ஆட்டுதுன்னு நெனச்சேன். ரெண்டாவது கத்துனேன். இன்னொரு குதி குதிச்சாரு. இன்னும் அஞ்சாறு குதிச்சிருந்தா தாண்டியிருப்பாருன்னு இப்பத் தெரியுது.

மூணாவது அழுதுக்கினே கூப்ட்டேன். என்னப் பாத்தாரு. நான் அழறதப் பாத்தாரு. கரண்டுக்காரரு ஒரு நாளு சொன்னத நெனச்சாரோ, ஆயுசுக்கும் கேட்டு வளந்தத நெனச்சாரோ, எனக்குத் தெரியாது. கைய நீட்டிக்கினு காலத் தூக்கி எட்டி வச்சாரு.

ஆரோக்கியதாசு மேல ஒரு தப்பும் இல்ல. எழுதுங்க சார், ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? மாதையன் ஒழுங்காத்தான் பொழச்சி வந்துக்கினு இருந்தாரு, பொண்டாட்டி கூப்ட்டா, வந்துட்டாருன்னு எழுதுங்க.