இரண்டு ‘லாம்’

எனக்குக் குழந்தைகளிடம் பேசப் பிடிக்கும். பெரியவர்கள் பாதிப் பேச்சில் கைபேசியை எடுத்துவிடுவார்கள். குழந்தைகளோ பல்லிக்கு வால் எப்படி மறுபடி முளைக்கிறது என்று விடாமல் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஹைதராபாத்தில் உப்பலிலிருந்து கொண்டாப்பூர் வரை பள்ளிகளில் பேசியிருக்கிறேன், ஒரு பைசா வாங்கியதில்லை. மற்ற நாட்களில் ஒரு கண் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் பொறியாளன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரோஸ்லின் எங்களிடம் வந்தது 2008 கடைசியில். பதினோரு வயது. சுண்ணாம்புப் பொட்டலம் தெறித்து வலது கண் வெந்து வெளுத்திருந்தது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து நொய்யளவு திசுவை டாக்டர் எடுத்துத் தருவார். அதை நான் இன்குபேட்டரில் மெல்லிய தாளாக வளர்த்துக் கொடுப்பேன். வெந்த கண்ணில் அவர் அதைப் பொருத்துவார். பலருக்குப் பலித்த சிகிச்சைதான்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருந்தது. அவள் அப்பா இருதயராஜ் பாளையங்கோட்டைக்காரர். தெலுங்கு பேசுவார், வாசிக்க வராது. தமிழில் சொல்ல அங்கே நான் ஒருவன்தான். படிவத்தில் இரண்டு ‘லாம்’ வந்தன. வெந்த கண்ணுக்குப் பார்வை வரலாம். நல்ல கண் பாதிக்கப்படலாம். முதலாவதை ‘வரும்’ என்று சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை.

“நீங்க படிச்சவிய. நீங்க சொன்னா சரிதான் சார்,” என்று கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரியில் அறிவியல் தினம். மாதாப்பூரிலிருந்து ஒரு பள்ளி வந்தது. இன்குபேட்டரைத் திறந்து, ஓர் அக்காவின் கண் இங்கே வளர்கிறது என்றேன். நாற்பது குழந்தைகள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நான்காம் நாள் தாளில் பூஞ்சை. திறந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எடுத்த திசு போதவில்லை, இன்னொரு தடவை வேண்டும் என்றேன். எடுத்தார்கள். அடுத்து ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஆசைப்பட்டுக் கேட்டார்கள். மறுபடி திறந்தேன். மறுபடி பூஞ்சை.

மூன்றாம் முறை டாக்டர் தயங்கினார். முன்பு எடுத்த இரண்டும் சிறியவை, இம்முறை பெரிதாக எடுங்கள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ரோஸ்லினுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் பள்ளிக்கூடத்து உருதுவில் வரும். “நக்கோ அங்கிள்,” வேண்டாமென்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருதயராஜ் என்னைப் பார்த்தார்.

“இதுதான் கடைசிம்மா,” என்றேன். அதில் பொய் இல்லை.

அந்தத் தாளைத் திறந்து காட்டவில்லை. ஆனாலும் வெந்த கண்ணில் அது ஒட்டவில்லை. மூன்று முறை வெட்டுப்பட்ட நல்ல கண் ஆறு மாதத்தில் மெல்ல வெளுத்தது. டாக்டரும் இருதயராஜும் இன்றுவரை அவள் விதி என்றே நினைக்கிறார்கள். நான்தான் காரணம். மூன்றாம் முறை என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அறிக்கை எழுதினேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருதயராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் குரல் கேட்டு ரோஸ்லின் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

“லைட் கைக்கு பந்த் கரே, அங்கிள்?”

விளக்கை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டாள். அப்போது காலை பதினொரு மணி. ஜன்னல் திறந்திருந்தது.

அதன் பிறகு எந்தப் பள்ளியிலும் ‘வரும்’ என்று நான் சொல்வதில்லை, ‘வரலாம்’ என்றுதான் சொல்கிறேன். குழந்தைகளிடம் பேசுபவன் பாஷையில் கவனமாக இருக்க வேண்டும், சார்.