கம்மாயில தொட்டி மீனு

வெராலா? வெராலுக்கு எங்க போக அண்ணாச்சி! ராசபாளையத்துல இருந்து பைக்க முறுக்கிக்கிட்டு வந்துட்டீய... இந்தா குமிஞ்சு கெடக்கே, இதத்தான் அள்ளிக்கிட்டுப் போகணும். கறுப்பா, மேலெல்லாம் முள்ளா... த்தூ, இதுக்குப் பேரு மீனாம்! கண்ணாடித் தொட்டியில பாசி திங்க வாங்கி விடுவாங்கள்ல, டேங்க் கிளீனர்னு, அதேதான். விடியக்காலம் புடிச்சது, இன்னும் வாயத் தொறக்குது பாருங்க சனியன்!

இந்த வலை போன மாசம் வாங்குனது. கிழிச்சு நாராக்கிருச்சு. வெரால் முட்டை, கெண்டைக் குஞ்சு, ஒண்ண விடல. கரையக் கொடஞ்சு பொந்து வேற. எல்லாம் டவுனுக்காரன் பாக்குற வேலை! ஷோவுக்கு வளக்கான். மொழ நீளம் வளந்துட்டா கொல்ல மனசு வராது, பெரிய தரும தொரை! பையில போட்டு நேரா நம்ம கம்மாய்க்கு வாரான். ஒங்க வீட்டுல தொட்டி இருக்கா? இல்லைல்ல? ம்... பொழச்சீய.

இந்தக் கம்மாயில மொத வலை எங்க வீட்டு வலைதான், தெரியும்லா? இந்த வேல்சாமி எறங்காம ஒருத்தன் கால் நனைக்க முடியாது. சும்மாவா குடுத்தாங்க? கம்மா பெருகுன அன்னைக்கு உசுரோட ஒரு சோடி வெரால அய்யனாருக்குன்னு நாங்க விடணும். அதுக்குத்தான் அந்த மரியாத.

இன்னைக்குச் சாயந்தரம் அய்யனார் கோயில்ல கூட்டம். இந்தக் கருமத்த விட்டவன் எவன்னு தெரியணும், வீட்டுக்கு ஒருத்தன் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணணும். அப்படிப் பண்ணச் சொல்லி மொதல்ல கத்துனது யாருங்கிறீய? நாந்தான்! இந்த வாயி... இந்த வாயி சும்மா கெடந்துச்சா?

என்ன, கெளம்பிட்டீய? செத்த இருங்க. நீங்க வெளியூரு, ஒங்ககிட்டச் சொன்னா என்ன... நாலு வருசத்துக்கு முன்ன, கம்மா பெருகுன அன்னைக்கு ஊத்து ஊத்துன்னு மழை. வத்திராயிருப்பு வரைக்கும் போயி உசுரு வெரால் வாங்கியாரணும். ஒரே சோம்பலு. எம்மவ இந்து வச்சிருந்த தொட்டியில இது ரெண்டு கெடந்துச்சு. மீனு மீனுதான, அய்யனாரு என்ன கையில எடுத்தா பாக்கப் போறாருன்னு...

ஐயோ, சிரிக்காதீய! இப்பம் நான் விடலேன்னு பொய்யாச் சூடத்த அணைச்சா சாமி கேக்கும். அணைக்கலேன்னா மொத வலை போச்சு, மானமும் போச்சு. ஏ அண்ணாச்சி, பைக்க எடுக்காதீய... முழுசாக் கேட்டுட்டுப் போங்க! விடும்போது வழக்கமாச் சொல்றதையும் சொன்னேன்ல... "இந்தச் சோடி கம்மா நெறையப் பெருகணும் அய்யனாரே"ன்னு விழுந்து கும்புட்டேன்.

அவரு ஒரு கொறையும் வைக்கல.