மூன்று முறை தட்டினால்

மாலை நான்கு மணி. பேய்க் கதைக்கு இதெல்லாம் ஒரு நேரமா என்று சிரிக்காதீர்கள். ஜனவரியில் எங்கள் ஊரில் நான்கு மணிக்கே கும்மிருட்டு. கடற்கரையிலிருந்து மலைமேட்டுக்கு ஏறும் சாலை... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் பழைய எரிமலைக் குழம்பு கல்லாகிக் கிடக்கும். சாலையோரம் நட்ட மஞ்சள் குச்சிகள்தான் துணை. ஒரு குச்சி கண்ணில் பட்டால் அடுத்த குச்சி வரைக்கும் போகலாம். படாவிட்டால் நிற்க வேண்டியதுதான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்று இப்படி இந்த விடுதிக் கூரையைப் பிடுங்கும்போது என்னால் தொண்டை கிழியக் கத்த முடியாது. அதோ, சாலையை மூடிவிட்டார்கள் என்று சொன்ன பிறகும் அந்த மூலையில் இரண்டு பேர் காலணி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக் கார், நான்கு சக்கரமும் இழுக்குமாம், பனியில் வழுக்காமலிருக்க டயரில் ஆணி அடித்திருக்கிறதாம். இருக்கட்டும். கதை முடிந்ததும் போங்கள், நான் தடுக்கவில்லை.

இது என் நண்பன் பெர்கூரின் தங்கைக்கு நடந்தது. ஓட்னி என்று பெயர். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். நீங்கள் விமானத்தில் படித்துக்கொண்டு வருகிற அறிவுரையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. பருத்தித் துணி ஆகாது, கம்பளிதான். காற்றில் கார்க் கதவைத் திறந்தால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு கீலோடு போய்விடும். பனி அள்ளுகிற மண்வாரியை டிக்கியில் போடக் கூடாது, உள்ளே வைக்க வேண்டும். பனி மூடினால் டிக்கி திறக்காது. அவள் புருஷன் ஸ்டெய்னாருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் தெரிந்தவர்களுக்கென்றே இங்கே ஒரு வியாதி உண்டு. எதற்கெடுத்தாலும், "அதெல்லாம் சரியாப் போயிடும்" என்பார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஊனா. ஆறு வயது. காலையிலிருந்து வயிற்று வலி. மதியத்துக்குள் காய்ச்சல் அனலாய் அடித்தது. ஆஸ்பத்திரி மலைமேட்டுக்கு அந்தப் பக்கம். பெர்கூர் அங்கே மீட்புக் குழுவில் இருக்கிறான். ஓட்னி அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு வலி தாங்கல. வலது பக்கம் கையே வைக்க விடமாட்டேங்குறா."

"ஓட்னி, மேட்டு ரோட்டை மூடப் போறாங்க. நாங்களே பெரிய வண்டி எடுத்துட்டு வர்றோம். நீங்க கிளம்பாதீங்க."

"எப்ப வருவீங்க?"

"இங்க ஒரு பஸ் கவுந்து கிடக்கு... ராத்திரி ஆயிடும்."

ஸ்டெய்னார் போனைப் பிடுங்கினான். "மச்சான், அதுக்குள்ள குடல்வால் வெடிச்சுதுன்னா நீ வந்து யாரைத் தூக்கிட்டுப் போவ? ஒரு மணி நேர ரோடு. சரியாப் போயிடும்."

"மாப்ள, சொன்னாக் கேளு—"

போனை வைத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளை சுருண்டு கிடந்து முனகும்போது யாரால் சும்மா உட்கார முடியும்?

மேட்டின் அடிவாரத்துக்கு அவர்கள் வந்தபோது தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது. ஸ்டெய்னார் அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

குச்சி... அடுத்த குச்சி... அதற்கு அடுத்தது. பாதி மேடு ஏறியிருப்பார்கள். பிறகு குச்சியே இல்லை. வெள்ளை. முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை. காரின் மூக்கு எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. திடீரென்று வலது பக்கம் சரிந்து, மெத்தென்று எதிலோ புதைந்து நின்றது. போனில் சிக்னல் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஒரே ஒரு விதிதான். காரை விட்டுப் போகாதே. பத்தடி நடந்தால் கார் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் வசந்தத்தில்தான் கண்டெடுப்பார்கள். என்ஜினை ஓட விட்டால்தான் உள்ளே சூடு. ஆனால் பின்னால் புகைக்குழாயைப் பனி அடைத்தால் அந்தப் புகை உள்ளே வரும். அதிலிருக்கும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வரும், அவ்வளவுதான்... அதனால் யாராவது ஒருவர் அடிக்கடி இறங்கிக் குழாயைச் சுற்றிப் பனியை வாரிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டெய்னார் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் முடிந்துகொண்டான். ஓட்னி பின் சீட்டில், மடியில் ஊனா.

"நான் இறங்கினதும் கதவைப் பூட்டிக்கோ. இல்லன்னா காத்து பிடுங்கிட்டுப் போயிடும். மூணு தடவை தட்டுவேன். அப்பத் திற."

"ரெண்டு தடவை தட்டினா?"

"அது நான் இல்ல" என்று கண் சிமிட்டினான். "உன்னைக் கட்டிக்க ஆசைப்பட்டானே கோழிப்பண்ணைக்காரன், அவனா இருக்கும்."

குழந்தைகூட வலியோடு சிரித்தது. மூன்று தட்டு என்பது எங்கள் நாட்டுப்புறத்தில் பழைய வழக்கம். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிற மனுஷன் மூன்று முறைதான் தட்டுவான், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று. ஒரு தட்டோடு நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் திறக்க மாட்டார்கள். அப்படி ஒன்றோடு நிறுத்துவது உயிருள்ள மனுஷனாக இருக்காது என்று நம்பிக்கை. போனும் டிவியும் வந்த பிறகும் கை அதை மறக்கவில்லை. நானும் மூன்று முறைதான் தட்டுவேன்.

முதல் தடவை இறங்கினான். டொக்... டொக்... டொக். ஓட்னி முன்னால் எட்டிக் கதவைத் திறந்தாள். பனியோடு உள்ளே விழுந்தான். சூட்டில் அவன் கம்பளிச் சட்டையில் இருந்த பனி உருக, ஈர ஆட்டு மயிர் நாற்றம் கார் முழுக்க. ஊனா மூக்கைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தடவையும் அப்படியே.

மூன்றாவது தடவை இறங்கினான்.

மண்வாரி தகரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. கர்... கர்... பிறகு நின்றுவிட்டது. காற்று மட்டும். ஓட்னி காத்திருந்தாள். வழக்கமாக ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆகிவிட்டது.

டொக்.

ஒன்றுதான். அதுவும் கதவின் மேலே இல்லை... கீழே, அடிப்பக்கம்.

அவள் கை பூட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. "இன்னும் ரெண்டு" என்று முணுமுணுத்தாள். "இன்னும் ரெண்டு தட்டு ஸ்டெய்னார்... தட்டேன்..."

காற்று. ஏதோ கல் வந்து அடித்திருக்கும் என்று நினைத்தாள். காரணமில்லாமல் கதவைத் திறந்து, காற்று அதைக் கொண்டுபோய்விட்டால் குழந்தை விறைத்துவிடும். இது புத்தி சொன்னது. உள்ளுக்குள் வேறொன்று சொன்னது, திறக்காதே, அது மனுஷன் இல்லை என்று. கத்திக் கூப்பிட்டாள். காற்று அதை விழுங்கிவிட்டது.

டொக்.

மறுபடி ஒன்று. முன்னைவிட மெதுவாக. ஓட்னி குழந்தையின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறக்கவில்லை. அதன் பிறகு சத்தமே இல்லை. புருஷன் போய்விட்டான், இனி புகை வந்துவிடும், பிள்ளையும் போய்விடும் என்று வாய்விட்டு அழுதாள். கடவுளைத் திட்டினாள். கெஞ்சினாள்.

அப்போதுதான்...

டொக். டொக். டொக்.

பாய்ந்து திறந்தாள். ஸ்டெய்னார் ஏறி உட்கார்ந்தான். மண்வாரியைப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தான்.

"உயிரே போயிடுச்சு எனக்கு! யாரோ ஒரு தடவை மட்டும் தட்டினாங்க தெரியுமா? நான் திறக்கவே இல்ல."

அவன் திரும்பாமலே கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். களைத்துப்போயிருக்கிறான் என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கினான். கர்... கர்... என்று வாரும் சத்தம். மூன்று தட்டு. திறந்தாள். மறுபடி இறங்கினான். இரவு முழுக்க இப்படியே, பேச்சு இல்லாமல். நடுநடுவே அவள் கண் அசந்துபோனாள். ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. சட்டை நாறவில்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவன் தோளில் இருந்த பனி உருகவே இல்லை.

விடிகிற நேரம் காற்று தணிந்தது. பெர்கூரின் வண்டி வந்து சேர்ந்தது. ஆட்கள் கண்ணாடியைத் துடைத்துக் கதவைத் திறந்தார்கள். தாயும் பிள்ளையும் உயிரோடு இருந்தார்கள். பெர்கூர் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

"மாப்ள எங்கேம்மா?"

"இப்பத்தான் அண்ணா இறங்கினாரு. குழாயைப் பார்க்க."

பெர்கூர் பின்னால் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. குழாயைச் சுற்றிக் கிண்ணம்போல் சுத்தமாக வாரியிருந்தது, மண்வாரியின் தடம் புதிதாக. காலடி ஒன்றும் இல்லை. பிறகு கைப்பிடியைப் பார்த்தான். கயிறு முடிந்தபடியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால்... நேரே கீழே இறங்கி, கதவடியில் கெட்டிப்பட்ட பனிக்குள் போயிற்று.

முழங்கால் ஆழம் வெட்டினார்கள். கல்லாய் இறுகிய பனி, யாரும் மிதிக்காதது. அதற்கடியில் ஸ்டெய்னார் கிடந்தான். வழுக்கி விழுந்து, காரின் பின்னால் இருந்த இழுவைக் கொக்கியில் தலை அடிபட்டிருக்கிறது. அங்கிருந்து கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறான். ஒரு கை கதவின் அடிப்பக்கத்தில் ஒட்டி உறைந்திருந்தது. முந்தின மாலை ஏழு மணியைத் தாண்டியிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார்.

மண்வாரி எங்கே என்று பெர்கூர் தேடினான். அது காருக்குள், பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தது. அதன் மேலிருந்த பனி உருகவில்லை.

ஊனா பிழைத்துக்கொண்டாள். குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது ஓட்னி பக்கத்தில் இருந்தாள். பெர்கூர் வாசலில் நின்றான், அவன்தான் எனக்குச் சொன்னது. ஒற்றைத் தட்டு யாருடையது என்பதைப் பற்றி ஓட்னி அதுவரை யாரிடமும் பேசவில்லை. அண்ணனிடம்கூட.

"அம்மா... முதல்ல ஒரு தடவை தட்டினப்பவே நீ ஏன் திறக்கல?"

ஓட்னி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ முழிச்சிட்டா இருந்த பாப்பா? நீ... நீ என்னைக் கேக்காதடி கண்ணு. அதை மட்டும் கேக்காத."

"நான் கேக்கலம்மா. அப்பாதான் கேட்டாரு. நீ தூங்கினதும் ஒவ்வொரு தடவையும் பின்னாடி திரும்பி அதையேதான் கேட்டாரு." குழந்தை கதவைப் பார்த்தது. "எனக்குத் தெரியாதுன்னேன். 'அம்மாகிட்ட கேட்டு வை, அப்புறம் வந்து தட்டுறேன்'னாரு."