நீலம்னா நீலம்தான்

வேணாம் சார், கதவத் தட்டாதீங்க. உள்ள பாடம் நடக்குது. இப்படி இந்த பெஞ்சுல உக்காருங்க. மெஷின் நிக்க இன்னும் பதினெட்டு நிமிஷம் காட்டுது, நின்னதும் துணி எடுக்க எல்லாரும் வெளிய வருவாங்க. நானா? நானும் இங்க படிக்கிறவதான். இன்னிக்கு மெஷின் காவல் என் மொற. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு நூத்திருபது உள்ள சுத்துது, அத அநாதையா விட்டுட்டு மொத்தப் பேரும் வகுப்புல போய் உக்காந்துட முடியுமா?

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். மடியில ஒரு ஃபாரம் வச்சிருக்கீங்களே, அதத்தான் படிச்சிட்டிருக்கேன். தலைகீழா இருந்தா என்ன? லாண்டரி ஸ்டாஃப், இங்கிலீஷ் நாட் நெசசரி. அப்படித்தான போட்டிருக்கு? ஐய, இப்ப எதுக்கு மூடறீங்க. படிச்சது படிச்சதுதான்.

ஆக விஷயம் இதுதான். சலவைப் பயிற்சி இருக்கும், கூடவே நடக்கிற இங்கிலீஷும் கணக்கும் இந்த மாசத்தோட கட்டு. அதுக்குப் பதிலா பையில என்னமோ கொண்டாந்திருக்கீங்களே, காட்டுங்க. அட, ஸ்டிக்கரு! நீலம், செவப்பு, மஞ்சள். சலவை மருந்து டப்பா மேல ஒட்டிட்டா போதும், படிக்கவே வேணாம். எந்த மகராசன் மூளையில உதிச்சது சார் இது? கமிட்டியா? அதான பாத்தேன். ஒத்த ஆளால இவ்வளவு மடத்தனத்த யோசிக்க முடியாது.

கோவிச்சுக்காதீங்க. உங்களச் சொல்லல. சரி, கொஞ்சம் உங்களயும்தான்.

இதுக்கு முன்னாடி ரெண்டையும் பிரிச்சு நடத்தினீங்களே, அந்தக் கூத்து தெரியுமா? காலையில மெஷின். மத்தியானம் ரெண்டு பஸ் மாறிப் போயி வேற எடத்துல இங்கிலீஷு. அங்க ஒரு மீசைக்காரர். ஆப்பிள் படத்துக்குக் கலர் அடிங்கன்னாரு. நாப்பத்தாறு வயசு சார் எனக்கு! அடுத்த வாரம், இது பையன், இது பொண்ணுன்னு படம் காட்டறாரு. ரெண்டு பெத்தவளுக்கு எது ஆணு எது பொண்ணுன்னு அவர் வந்து சொல்லித் தரணுமாம். முப்பது பேரு சேந்தோம். மூணாவது வாரம் மூணு பேரு, அதுல ஒருத்தி ஃபேன் காத்துக்காக வந்தவ. உடனே உங்காளுங்க ரிப்போர்ட் எழுதிட்டாங்க, இவங்களுக்குப் படிப்புல ஆர்வம் இல்லன்னு. ஆர்வம்! சமையல் நல்லா இல்லாட்டி சாப்பிட வந்தவனுக்குப் பசி இல்லன்னு எழுதற கூட்டம்.

இங்க அப்படி இல்ல. ரெண்டு பேரு ஒரே நேரத்துல நிப்பாங்க. ஒரு பக்கம் சலவை மாஸ்டர், இன்னொரு பக்கம் டீச்சர். சின்னப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். மொத நாள் மாஸ்டர் அவள மொறச்ச மொறப்பு இருக்கே, மாமியாரு தோத்துப் போவா. அவ அசரல. மருந்து டப்பாவத் தூக்கி மேஜை மேல டொம்முனு வச்சா. இதுல என்ன எழுதியிருக்கோ அதான் பாடம்னா. அவரு அளந்து ஊத்திக் காட்டுவாரு, இவ அந்த வரிய போர்டுல எழுதுவா. பத்து கிலோ துணிக்கு இவ்வளவுன்னா முப்பத்தஞ்சு கிலோவுக்கு எவ்வளவு? அதான் கணக்கு. நான் மொதமொதல்ல முழுசாப் படிச்ச இங்கிலீஷ் என்ன தெரியுமா? டூ நாட் மிக்ஸ். கலக்காதே. ஆப்பிள் இல்ல.

என்ன? கதவுக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தீங்களா? சரி, என்ன பாத்தீங்க? கடைசி பெஞ்சுல ஒருத்தி ஒரு வரி படிக்க அஞ்சு நிமிஷம் ஆக்கினா, மத்தவங்க எல்லாம் சும்மா உக்காந்திருந்தாங்க. அதயும் குறிச்சுக்கிட்டீங்களா? ஸ்லோன்னா? குறிங்க, நல்லா அழுத்திக் குறிங்க.

அது என் ஓரகத்தி சார். கொழுந்தன் பொண்டாட்டி. அந்த வகுப்புலயே கெட்டிக்காரி அவதான். எழுத்து தெரியாம நிறுத்தல, மூச்சு வாங்குது. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி இழுக்கணும். யாரும் அவளுக்கு அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு நாங்களே ஒரு சட்டம் வச்சிருக்கோம்.

எப்படி ஆச்சா? உங்க ஸ்டிக்கராலதான். மொறைக்காதீங்க, கேளுங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு.

முன்னாடி வேற ஒரு ஆஸ்பத்திரியில வேலை எங்களுக்கு. அங்க ஒரு சூப்பர்வைசரம்மா. என்ன நடை, என்ன மிடுக்கு! இடுப்புல சாவிக்கொத்து ஆடறதப் பாத்தாலே தெரியும், ராணி வர்றான்னு. படிப்புன்னா அவளுக்கு எளக்காரம். எழுத்தெல்லாம் வேலை தெரியாதவனுக்கு, நமக்குக் கண்ணு போதும்னு சொல்லுவா. நீல டப்பா வெளுக்கற மருந்து, செவப்பு டப்பா ஆசிட்டு, ரெண்டும் ஒண்ணு சேந்தா விஷப்பொகை. புதுசா எவ வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல பயிற்சி முடிஞ்சிரும். உங்க கமிட்டி பாத்திருந்தா மாலை போட்டிருக்கும். உண்மை என்னன்னா அவளுக்கே ஒரு எழுத்து தெரியாது. அது வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் அவ்வளவு வாய்.

எட்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் மருந்து கம்பெனிய மாத்தினாங்க. புதுசா வந்தவன் ஆசிட்ட நீல டப்பாவுல அனுப்பறான். அவனுக்கு எங்க கலரு எப்படித் தெரியும்? மேல கொட்டை எழுத்துல போட்டுத்தான் இருந்தான், பாவம், படிப்பாங்கன்னு நம்பி.

வாளியில பாதி வெளுக்கற மருந்து இருக்கு. மீதிக்கு என் ஓரகத்தி புது டப்பாவத் தொறக்கறா. தொறந்தவ அப்படியே நின்னா. படிக்கத் தெரியாது, ஆனா எட்டு வருஷம் அந்த டப்பாவப் பாத்த கண்ணு. எழுத்து வேற மாதிரி இருக்கேக்கான்னு கேட்டா. கேட்டா சார், அவ கேட்டா! சூப்பர்வைசரம்மா திரும்பிக்கூடப் பாக்கல. எழுத்து எப்படி இருந்தா ஒனக்கென்னடி, நீலம்னா நீலம்தான், ஊத்துன்னா.

ஊத்திட்டா.

மூணு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தா. நாங்க தொவச்ச பெட்ஷீட்டு மேலயே.

என்னது? அது ஆளோட தப்பு, முறையோட தப்பு இல்லயா? ஸ்டிக்கர சரியா ஒட்டிட்டா ஆபத்து இல்லயா? நல்லது. யாரு ஒட்டுவா? நீங்க தெனமும் வந்து ஒட்டுவீங்களா? வேலை செய்யறவதான ஒட்டணும். எந்த டப்பாவுல எந்த மருந்துன்னு படிக்கத் தெரியாதவ எதப் பாத்து சார் ஒட்டுவா? இதக்கூடவா உங்க கமிட்டியில ஒரு ஆளும் கேக்கல?

சத்தம் கேக்குதா, மெஷின் நின்னுருச்சு. எந்திரிங்க. துணிய எடுத்துப் போட்டுட்டா அடுத்த பாடம், நீங்களும் உள்ள வந்து உக்காருங்க.

அந்த சூப்பர்வைசரம்மாவா? அவளத் தூக்கிட்டாங்க. சாவிக்கொத்தும் போச்சு, மிடுக்கும் போச்சு. இப்ப மெஷின் காவல் பாக்கறா. பதினெட்டு நிமிஷமா உங்க பக்கத்துல உக்காந்து உங்க உயிர வாங்கிட்டிருக்கா.

கடைசி பெஞ்சுல என் ஓரகத்தி பக்கத்து எடம் என்னுதுதான் சார். ஒரே வீட்டுலதான் இருக்கோம், ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. ஆனா இங்க அவ மொற வந்தா டப்பாவ என் பக்கமா திருப்பி வச்சுப்பா. வச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையும் என் காதுல விழற மாதிரி படிப்பா. அவ என்கிட்ட பேசறது அது ஒண்ணுதான்.

அதத்தான் நாட் நெசசரின்னு எழுதி வச்சிருக்கீங்க.