எதிர் மேசை

தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணமும் அமையவில்லை, வீட்டில் சுவரோடுதான் பேச்சு.

அந்தப் படிவத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், விசாரணைக்கு வந்த ஐயா? சொல்கிறேன். எங்கள் பாடநூல் அச்சகத்தில் யார் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், யார் இங்கே வர வேண்டும் என்று பிரிக்கும் பொறுப்பு என்னுடையது. படிவத்தில் ஆளுக்குப் பதினெட்டுக் கேள்வி, ஒன்றில் தவறினாலும் இங்கேதான் வர வேண்டும். அச்சு இயந்திரக்காரரை அனுப்ப முடியாது. இயந்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டா போவார்? கணக்கர், ஓவியர், பக்கம் அமைப்பவர் எல்லோரும் தேறினார்கள். பாரபட்சம் என்று என்னை ஒருவரும் விரல் நீட்டிப் பேசவில்லை. ஒரே மாதத்தில் எங்கள் மாடியில் இருபது நாற்காலி காலி. மிஞ்சியது நானும், எதிர் மேசையில் பிழை திருத்துகிற ஓர் அம்மாவும்.

அவர் வேலைக்குக் கணினியும் கண்ணும் போதும். கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"அண்ணா, என் பேரை எப்படியாவது சேத்துடுங்க. அவரு தண்ணி குடிக்கக்கூட நான்தான் தூக்கி உக்கார வைக்கணும்," என்றார்.

பதினேழு கேள்வியிலும் தேறினார். கடைசிக் கேள்வி, பிறர் துணையின்றி முடிவெடுப்பாரா என்பது. அவர் தினமும் நாலைந்து தடவை, "அண்ணா, இந்த வரி சரியா இருக்கா, பாருங்களேன்," என்பார். தெரியாமல் கேட்கவில்லை. என்னோடு பேச யாருமில்லை என்று பார்த்துத்தான் கேட்டார். 'இல்லை' என்று எழுதினேன். அவர் கேட்டது உண்மைதானே.

மறுபடி விண்ணப்பம் கொடுத்தார். அதை என் இழுப்பறையில் வைத்துவிட்டு, "மேலிடத்துல ஒத்துக்கலம்மா," என்றேன்.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் கணவர் தண்ணீருக்குக் கை நீட்டிக் கட்டிலிலிருந்து விழுந்தார். மாலை ஆறரைக்கு இவர் திரும்பும்வரை தரையிலேயே கிடந்தார். உடனே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம் மருத்துவர். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம்.

சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போனேன். "எனக்காக எவ்வளவோ பேசிப் பாத்தீங்க அண்ணா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

ஆமாம், அவரை இங்கே பிடித்துவைத்தது நான்தான். இப்போது மறுபடியும் வேலைக்கு வருகிறார். எதையும் கேட்பதில்லை, திருத்திய தாளை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நீங்கள் இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் அவருக்கு இனி யார் இருக்கிறார்கள்? இங்கே வந்தால் நானாவது இருக்கிறேன்.