இடது கைதானே

பின்னல் ஊசியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஊசி எங்கோ ஓடிப்போய்விடும் என்பதுபோலக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு உட்காருவார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டது விரலைப் பற்றி, நான் ஊசியைப் பற்றிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், மேடம். அடுத்த அறையில், விரல் இளகுவதற்காக நீங்கள் பூசிய சூட்டு மெழுகுக்குள் அவள் கை இருக்கிறது. அது ஆறி, நீங்கள் போய் உரித்தெடுக்கும்வரை நமக்கு நேரம் இருக்கிறது. கதவும் சாத்தியிருக்கிறது. "வீட்டில் பயிற்சி ஒழுங்காக நடந்ததா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்களைப்போல ஒருவர் கூடவே இருந்தும் இப்படி இறுகிப்போய்விட்டதே" என்று நீங்களே வருத்தப்பட்டீர்கள். அதற்கான பதில் ஊசியிலிருந்துதான் தொடங்குகிறது.

அவள் என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். அந்த வீட்டுக்கு அவள் வருவதற்கு முன்பே எங்கள் தெருவில் பின்னல் என்றால் நான்தான். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் குல்லாய் என் கையால் போகும். நூல்கடைக்காரம்மா என் ஸ்வெட்டர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடுவார். என் பின்னலில் ஒரு கண்ணி தளர்ந்து ஒரு கண்ணி இறுகி யாரும் பார்த்ததில்லை. ஒரே குறை, வேகம் கிடையாது. "நீ இதை முடிக்கறதுக்குள்ள அந்தக் குழந்தை மாப்பிள்ளையா வந்து நிப்பான்" என்று என் கணவர் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மாலை, நான் அடுப்பை அணைக்கப் போனபோது கீழே வைத்துவிட்டுப் போன பின்னலை அவள் கையில் எடுத்தாள். சமையலறையில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஊசியும் ஊசியும் உரசும் சத்தம் எனக்குப் பழக்கம்தான். என் கையில் அது நின்று நின்று கேட்கும். அன்று அது மழை பெய்வதுபோல விடாமல் கேட்டது. நான் திரும்பி வருவதற்குள் நான் அந்த மாலை முழுக்கப் பின்னியதைவிட அதிகமாகப் பின்னியிருந்தாள். ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா, கை சும்மா இருக்கல" என்றாள்.

நான்தான் கற்றுக்கொடு என்று கேட்டேன். அவளாக மூக்கை நுழைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நூலை வலது கையால வீசி வீசிப் போடறீங்க" என்றாள். "ஒவ்வொரு கண்ணிக்கும் உங்க கை ஊருக்குப் போயிட்டு வருது. நூலை இடது ஆள்காட்டி விரல்ல மாட்டிக்கங்க. அந்த விரல் நூலைக் கொண்டுவந்து நிறுத்தும், ஊசி கொத்திக்கிட்டுப் போகும். கோழி கொத்தற மாதிரி. அவ்வளவுதான்க்கா."

பின்னலில் இருப்பதே இரண்டுதான், மேடம். நேர்க்கண்ணி, மறுகண்ணி. நேருக்கு நூல் ஊசிக்குப் பின்னால் நிற்க வேண்டும், மறுவுக்கு முன்னால் வர வேண்டும். ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டையில் இரண்டும் மாறி மாறி வரும். அங்கேதான் என்னைப் போன்றவர்கள் தடுமாறுவோம், நூலை முன்னும் பின்னும் இழுத்தே பொழுது போய்விடும். சின்னவள் இழுக்கவே மாட்டாள். இடது ஆள்காட்டி விரலை லேசாகக் கீழே சாய்ப்பாள், நடுவிரல் நூலைத் தாங்கும், மறுகண்ணி விழுந்துவிடும். விரல் நிமிரும், நேர்க்கண்ணி விழும். வலது கை ஊசியைப் பிடித்திருப்பதோடு சரி. அவளுடைய வேகமெல்லாம் இடது கையின் அந்த இரண்டு விரல்களில்தான் இருந்தது. என் விரலைத் தன் விரலால் பிடித்துச் சாய்த்துக் காட்டுவாள். குழந்தைக்கு எழுத்து சொல்லித்தருவதுபோல, பொறுமையாக.

நான் கற்றுக்கொண்டேன். வேகமும் கூடியது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கற்றுக்கொள்ளாதவரை எனக்கு அவள் மேல் பெரிய பொறாமை இல்லை. பாடத் தெரியாதவனுக்குப் பாட்டுக்காரன் மேல் என்ன பொறாமை? நான் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் எவ்வளவு தூரத்தில் போகிறாள் என்று அளக்கத் தெரிந்தது. அவள் மகள் பிறந்த பிறகு, காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, என் மாமியாரோடு பேசிக்கொண்டு, பின்னலைக் குனிந்துகூடப் பார்க்காமல் பின்னுவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

நூல்கடைக்காரம்மா தன் கடை மாடியில் பெண்களுக்கு வகுப்பு வைக்கப்போவதாக வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்கதான் எடுக்கணும்" என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார். போன குளிர்காலத்தில் ஒரு நாள் இருவரும் ஸ்வெட்டர் மூட்டையோடு கடைக்குப் போனோம். வகுப்பில் சேர வந்த பெண்கள் சிலர் அங்கே நின்றிருந்தார்கள். கடைக்காரம்மா எங்கள் இருவர் கையிலும் ஊசியும் நூலும் கொடுத்து, "ஆளுக்கு ஒரு பட்டை போட்டுக் காட்டுங்க, இவங்க பார்க்கட்டும்" என்றார்.

தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் அவள் என்னைத் தாண்டிப்போனாள். பிறகு ஓரக்கண்ணால் என் ஊசியைப் பார்த்தாள். அவள் விரல் தளர்ந்தது. எனக்காக நடையைக் குறைத்தது, நொண்டிக் குழந்தையோடு நடக்கும் தாயைப்போல. கடையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அந்த விரலை அவ்வளவு நாள் உற்றுப் பார்த்திருந்த எனக்குத் தெரிந்தது.

அப்படி இருந்தும் கடைக்காரம்மா அவளைத்தான் கேட்டார். "சின்னவங்களே எடுக்கட்டுமே, கை என்னமா ஓடுது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் சின்னவள் காரின் பின்சீட்டிலிருந்து குனிந்து, "அக்கா, நீங்களே வகுப்பு எடுங்க. நான் பின்னாடி உக்காந்து நூல் சுத்தித் தர்றேன். நான் சொல்லிடறேன் அவங்ககிட்ட" என்றாள். மனதில் கள்ளம் இல்லாமல் சொன்னாள். அவள் குத்திக்காட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

வீட்டு வாசலில் கார் நின்றது. ஓட்டிவந்த கொழுந்தன் பின்னால் போய்க் காலி மூட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டிலிருந்து நான் இறங்கினேன். பின்சீட்டிலிருந்து அவள் இறங்குவதற்காக, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கிற கம்பத்தை இடது கையால் பிடித்தாள். நான் முன்கதவைச் சாத்தினேன்.

காற்று வேகமாக அடித்தது, கதவு கையைவிட்டுப் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. காற்று அடித்தது உண்மை. கை அங்கே இருந்ததை நான் பார்த்ததும் உண்மை. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் நூல் உராய்ந்து உராய்ந்து விழுந்த ஒரு மெல்லிய கோடு இருக்கும். அதைக்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன்.

அவள் கத்தவில்லை. "அக்கா, கதவு" என்றாள். கதவைத் திறக்கச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டில் எல்லாரும் பதறினார்கள், பிறகு கொஞ்சம் ஆறுதல் அடைந்தார்கள். "நல்லவேளை, இடது கைதானே" என்றார் என் மாமியார். "இடது கைதானே, சமாளிச்சுக்கலாம்" என்றார் கொழுந்தன். அக்கம்பக்கத்தார், பார்க்க வந்த நூல்கடைக்காரம்மா, எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்த இடது கையில் என்ன இருந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இருவர்தான். ஒருத்தி வலியில் படுத்திருந்தாள். இன்னொருத்தி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

கதவைச் சாத்தியது ஒரு நொடி வேலை. அதோடு நிறுத்தினால் நீங்கள்கூட, ஏதோ ஆத்திரத்தில் புத்தி கெட்டுப்போனாள் என்று மன்னித்துவிடக்கூடும். அதனால்தான் அதோடு நிறுத்தாமல் சொல்கிறேன்.

கட்டைப் பிரித்த பிறகு முதல்முறையாக அவளை உங்களிடம் கூட்டிவந்தோம். வலி மாத்திரையில் அவளுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் நீங்கள் என்னிடம்தான் சொன்னீர்கள். வெந்நீரில் கையை வைக்க வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பிடிக்க வேண்டும். வலிக்கும், அழுவாள், இரக்கப்பட்டு விட்டுவிடக் கூடாது. விரலை நேராக நிறுத்தும் பட்டையைத் தூங்கும்போது மட்டும் போட வேண்டும். இப்போது விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு திரும்பாது. உங்கள் வார்த்தை ஒன்றையும் நான் மறக்கவில்லை. பின்னல் கணக்கை ஒருமுறை கேட்டால் மனதில் வைத்துக்கொள்பவள் நான்.

வீட்டில் தினமும் வெந்நீர் வைத்தேன். சூட்டை என் முழங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் அவள் கையை வைப்பேன். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கினேன். அவை நன்றாக இருந்த விரல்கள். மற்ற இரண்டையும் எண்ணெய் தடவி, நேராக நீவி, பட்டையைப் பகலிலும் மாட்டிவிட்டேன்.

"இந்த ரெண்டையும் மடக்க வேணாமாக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் அசைக்கக் கூடாதாம்மா."

"அங்க அவங்க மடக்கறாங்களே."

"அவங்களுக்குக் கைப் பழக்கம் இருக்கு. வீட்டுல நாம அவசரப்பட்டா எலும்பு விலகிடுமாம்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நீங்கள் கேட்டபோதெல்லாம், "அக்கா தினமும் செய்யறாங்க" என்று சொன்னாள். அது பொய்யில்லை, நான் தினமும் எதையோ செய்தேன். "கூடப்பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கிள்ளுகிற கையே தொட்டிலை அவ்வளவு பிரியமாக ஆட்ட முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரியம் வேஷமில்லை, மேடம். அவள் தூங்கும்போது போர்வையை இழுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மற்ற நேரமெல்லாம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து பின்னினேன். பொழுது போகாமல் அவளே சொல்லிக்கொடுத்தாள். "விரலை இன்னும் தளத்துங்க. கண்ணியை ஊசி நுனிக்குக் கொண்டுவாங்க. பார்க்காதீங்கக்கா, தடவிப் பாருங்க, கைக்குத் தெரியும்." சொல்லும்போது பட்டைக்குள் இருந்த விரல்கள் சாய முயலும். முடியாது. முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் என் கையிலும் அந்தச் சத்தம் விடாமல் கேட்டது. நேர், மறு, நேர், மறு, நூல் தானாக வந்து நின்றது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கை தட்ட முடியாததால் வலது கையால் தொடையில் அடித்துக்கொண்டு, "அக்கா, என்னையே மிஞ்சிட்டீங்க" என்றாள்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கதவைச் சாத்தியதைச் சொல்லும்போது தழுதழுக்காத என் குரல் இங்கே தடுமாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது.

அடுத்த வாரமே மாடி வகுப்பை எடுத்துக்கொண்டேன்.

சில நாட்களுக்கு முன் அவள் மகள் சட்டையைத் திறந்துபோட்டபடி தாயின் முன்னால் வந்து நின்றாள். சின்னவள் வலது கையால் பட்டனைப் பிடித்து, இடது கையால் துணியை அழுத்தப் பார்த்தாள். இரண்டு விரல்களும் குச்சிபோல நீட்டிக்கொண்டு இடித்தன. குனிந்து துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு பட்டனைத் திணித்தாள். குழந்தைக்கு அது விளையாட்டாகத் தெரிந்து கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "பழகிடும்க்கா, இடது கைதானே" என்றாள்.

நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துச் சோறுகூடப் போட முடியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே போடுகிறேன்.

ஆனாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். இன்று காலை நீங்கள் அவளிடம், ஆபரேஷன் செய்து விரல் மூட்டைத் திறந்து சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் மறுநாளிலிருந்தே விடாமல் மடக்க வேண்டும், வீட்டில் பொறுப்பாகச் செய்ய ஆள் இருக்கிறதா என்று கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்க அக்கா இருக்காங்களே" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன். அந்த விரல்களைக் கதவில் நசுக்கியது நான். அவை மடங்காமல் பார்த்துக்கொண்டதும் நான். அந்த வேலைக்கு அவள் கணவனைப் பழக்குங்கள், என் மாமியாரைப் பழக்குங்கள், யாரையாவது பழக்குங்கள். என் கையில் மட்டும் அவள் கையைக் கொடுத்தனுப்பாதீர்கள். இதை அவள் எதிரிலேயே சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன், போலீஸில் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம்.

மெழுகு இந்நேரம் ஆறியிருக்கும். நீங்கள் போகுமுன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அவள் நல்லதற்காகத்தான். விரல் மடங்கட்டும். கோப்பையைப் பிடிக்கட்டும், பிள்ளைக்குப் பட்டன் போடட்டும். அதெல்லாம் வரவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அந்தப் பழைய வேகம், மேடம், அதுவும் திரும்ப வந்துவிடுமா?